‘லாரி வந்துடுச்சு!’ என்று தோல் கத்தும்போது
வாசகர் கேள்விகளுக்குத் தோல் மருத்துவர் பதில்

மார்கழி பிறந்துவிட்டது என்பதை எனக்குக் காலண்டர் சொல்வதில்லை, உங்கள் கடிதங்கள் சொல்லிவிடும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் சொரியாசிஸ், செதில் செதிலாக உதிரும் தோல் படை. என் இடது முழங்கையும் நேற்றிலிருந்து தன்னை ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கிறது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

“ஏழு வருடமாக சொரியாசிஸ். முதுகு, முழங்கால், தலை. ‘ரத்தம் கெட்டுப்போச்சு, கத்திரிக்காய், கருவாடு தொடாதே’ என்கிறார் அம்மா. போன மாதம் பார்த்த டாக்டர், ‘சைட்டோகைன் பண்ற வேலை இது, இன்டர்லூக்கின் 17-ஐத் தடுக்க ஊசி போடலாம்’ என்றார். விளக்கம் கேட்கலாம் என்றால் எனக்குப் பின்னால் முப்பது பேர். சைட்டோகைன் என்றால் என்ன? ரத்தப் பரிசோதனையில் தெரியுமா? தினம் ஆறு சிகரெட் பிடிப்பேன், மறைக்கவில்லை.”
— 34 வயது வாசகர், பெரம்பூர்

தம்பி, உங்கள் ரத்தம் கெடவில்லை. முதலில் அம்மாவிடம் இதை நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

நான் வளர்ந்தது வியாசர்பாடியில். கோடை வந்தால் தண்ணீர் லாரிதான் எங்களுக்குத் தெய்வம். லாரி வராமலேயே ஏதாவது ஒரு வாண்டு “லாரி வந்துடுச்சு!” என்று கத்திவிடும். மாடி வீட்டு அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவார். அந்தக் குடம் சுவரில் இடிக்கிற சத்தம் கேட்டுப் பக்கத்துச் சந்து ஓடிவரும். சந்து ஓடுவதைப் பார்த்து அடுத்த தெரு ஓடிவரும். ஐந்து நிமிடத்தில் நாற்பது குடம், வரிசையில் யார் முன்னால் என்று சண்டை, ஒருத்தர் கால் கட்டைவிரலில் ரத்தம். லாரி மட்டும் இருக்காது. கத்திய பையன் எப்போதோ வீட்டுக்குள் போயிருப்பான். கூட்டமே கூட்டத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

அந்தக் கூப்பாடுதான் சைட்டோகைன். செல்கள் வாய்விட்டுப் பேச முடியாது, அதனால் மிகச் சிறிய புரதங்களை வெளியே விடுகின்றன. பக்கத்துச் செல்லின் மேல் அந்தச் சேதிக்கென்றே ஓர் ஏற்பி இருக்கும். புரதம் அதில் போய் ஒட்டிக்கொண்டால் ‘ஓடி வா’, ‘பெருகு’, ‘போதும், நிறுத்து’ என்று ஏதோ ஒரு கட்டளை உள்ளே போகும். காயம் ஆறுவதும் கிருமி சாவதும் இந்தப் பேச்சால்தான். ஆகவே சைட்டோகைன் எதிரி கிடையாது. உங்கள் தோலில் நடப்பது லாரி வராத தெருவில் குடம் இடிக்கிற சத்தம்.

சொரியாசிஸில் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பது இன்று ஓரளவு நன்றாகவே தெரியும். தோலில் காவல் நிற்கும் செல்கள் இன்டர்லூக்கின் 23 என்ற சேதியை விடுகின்றன. அதைக் கேட்டு டி செல்கள் என்ற வெள்ளணுக்களில் ஒருவகை கிளம்பி இன்டர்லூக்கின் 17-ஐ விடுகிறது. தோலைக் கட்டுகிற கெரட்டினோசைட் செல் அதைக் கேட்டதும் இரண்டு காரியம் செய்கிறது. வெறிபிடித்தாற்போல் பெருகுகிறது. கூடவே தன் பங்குக்கு வேறு சேதிகளை விட்டு, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு முதல் புதிய காவல் செல்கள் வரை எல்லாரையும் வரவழைக்கிறது. வந்த காவல் செல்கள் மறுபடி 23-ஐ விடும். பார்த்தீர்களா, குடச் சத்தம் அடுத்த சந்துக்குப் போய்விட்டது. இதற்கு நடுவில் டிஎன்எஃப் என்று இன்னொரு சைட்டோகைன்காரர் இருக்கிறார், மைக் செட் மாதிரி. எல்லார் குரலையும் ஏற்றிவிடுவார்.

சாதாரணமாக அடியில் பிறந்த தோல் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் ஒரு வாரத்துக்குள் வந்துவிடுகிறது. முதிராமலே வந்து சேர்வதால் தனித்தனியாக உதிரத் தெரியாமல் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக்கிடக்கிறது. உங்கள் கறுப்புச் சட்டையின் தோளில் வெள்ளியாக உதிர்வது அதுதான். அழுக்கும் இல்லை, பொடுகும் இல்லை.

முதலில் கத்தியது யார்? சிலருக்குத் தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி, சிலருக்குக் காயம், சிலருக்கு லித்தியம் மாதிரி ஒரு மாத்திரை. பரம்பரைக்கும் பங்கு உண்டு. பெரும்பாலும் அந்தப் பையனைக் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடித்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை.

இந்தப் புரிதல் வந்த கதை எனக்குப் பிடித்தமானது. அதிக காலம், சொரியாசிஸ் என்றால் தோல் செல்லின் கோளாறு என்றுதான் நினைத்தார்கள். 1979-இல் மூட்டுக்காகச் சைக்ளோஸ்போரின் கொடுத்துப் பார்த்த சிலருக்குத் தோலும் சேர்ந்து தெளிந்தது. அந்த மருந்தின் வேலை டி செல்லை அடக்குவது. அப்படியென்றால் குற்றவாளி தோல் அல்ல, தோலை ஏவிவிடுபவர் என்று சந்தேகம் திரும்பியது. அதே 1979-இல்தான் சுவிட்சர்லாந்தில் எர்மாட்டிங்கன் என்ற ஊரில் கூடிய ஆய்வாளர்கள் இன்டர்லூக்கின் என்ற பெயரை வைத்தார்கள். வெள்ளணுக்களுக்கு இடையே போய்வருவது என்று பொருள். எங்கள் வகுப்பில் ஒன்று, இரண்டு என்று நாலைந்து எண்கள்தான் மனப்பாடம் செய்தோம். இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. இன்றைய மாணவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. இன்டர்லூக்கின் 12-தான் வில்லன் என்று நம்பி அதைப் பிடிக்க ஒரு மருந்து செய்தார்கள், உஸ்டெகினுமாப். 2000-இல் இன்டர்லூக்கின் 23 கண்டுபிடிக்கப்பட்டது. பார்த்தால் இரண்டுக்கும் ஒரு துண்டு பொது, மருந்து பிடிப்பது அந்தத் துண்டைத்தான். ஒரு கல்லில் ரெண்டு மாங்காய்! அதிலும், குறிவைக்காத மாங்காய்தான் பழுத்தது. 2009-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. அப்புறம் 23-ஐ மட்டும் பிடிக்கும் மருந்துகள் வந்தன. உங்கள் டாக்டர் சொன்ன 17-ஐத் தடுக்கும் செகுகினுமாப் 2015-இல் வந்தது.

பரிசோதனைக்கு வருகிறேன். இந்தச் சேதிகளை அளப்பது பிக்கோகிராமில், அதாவது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதுவும் பேச்செல்லாம் தோலில், பக்கத்துப் பக்கத்துச் செல்களுக்குள் நடப்பது. சந்தில் நடக்கும் சண்டையை மவுண்ட் ரோட்டில் நின்று கேட்க முடியுமா? சொரியாசிஸைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம், சந்தேகம் வந்தால் ஒரு சிறு துண்டுத் தோல் எடுத்துப் பார்ப்போம். சைட்டோகைன் அளவு பார்க்கப் பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள்.

கத்திரிக்காய் பாவம், அதன் மேல் பழி போட எந்த ஆதாரமும் இல்லை. கருவாடு சாப்பிட்டு உங்களுக்கு உண்மையிலேயே அரிப்பு வந்தால் விட்டுவிடுங்கள், வராவிட்டால் எனக்கும் கொஞ்சம் அனுப்புங்கள். அம்மா நிறுத்தச் சொல்ல வேண்டியது அந்த ஆறு சிகரெட்டை. அப்புறம் தொப்பை. வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை, அதுவும் டிஎன்எஃப் விடும். எடை குறைந்தால் தோல் தணிவதையும் மருந்து நன்றாகப் பிடிப்பதையும் நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

ஊசி வேண்டுமா? உங்கள் உள்ளங்கையை விரல்களோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். அது உடம்பில் சுமார் ஒரு சதவீதம். படைகள் பத்து உள்ளங்கைக்கு மேல் என்றால் பூச்சு மட்டும் போதாது. அப்போதும் பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையோ புற ஊதா ஒளிச் சிகிச்சையோதான் முதலில். காலையில் எழுந்ததும் விரல் மடங்க அரை மணி நேரம் ஆகிறதா, குதிகால் வலிக்கிறதா, நகத்தில் குண்டூசி குத்தினாற்போல் குழிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சொரியாசிஸ்காரர்களில் பத்தில் இரண்டு மூன்று பேருக்கு இதே கூப்பாடு மூட்டுக்கும் போய்விடும். அப்படி இருந்தால் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

மெத்தோட்ரெக்ஸேட் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடுவது. ஒரு பெரியவர் ஒன்பது நாள் தினமும் விழுங்கிவிட்டு, வாய் முழுக்கப் புண்ணோடு, எச்சில் விழுங்க முடியாமல் வந்து நின்றார். சீட்டில் ஆங்கிலத்தில் ‘வாரம் ஒருமுறை’ என்றுதான் இருந்தது. எழுதியது நான். கடையில் உறை மேல் ‘இரவு 1’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் வார்டில் இருந்து தப்பித்தார். அன்றிலிருந்து என் சீட்டில் ‘புதன்கிழமை மட்டும்’ என்று தமிழில் எழுதி வட்டம் போடுகிறேன், நோயாளி என்னிடம் வாசித்துக் காட்டினால்தான் சீட்டு கையில்.

“மருந்தில் எட்டு மாதம் சுத்தமாக மறைந்துவிட்டது. நிறுத்தினேன். மறுபடி அதே இடத்தில், ஸ்கேல் வைத்து அளந்த மாதிரி இடுப்பைச் சுற்றி. வேறு இடமே கிடைக்கவில்லையா அதற்கு?”
— 46 வயது வாசகி, நங்கநல்லூர்

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். என் முழங்கையிடம் நான் கேட்பதும் இதைத்தான். பத்தொன்பது வயதில், விடுதி மேஜையில் முழங்கையை ஊன்றிப் படித்த வருடம் வந்தது. ஒரு ரூபாய் நாணய அளவு. அதற்கப்புறம் எத்தனை முறை போனது, எத்தனை முறை வந்தது, கணக்கில்லை. ஆனால் அதே நாணயம், அதே இடம். மச்சம்போல அடையாளம் சொல்லலாம்.

காரணம் இது. படை மறைந்ததும் வந்த கூட்டமெல்லாம் கலைந்துபோவதில்லை. சில டி செல்கள் அங்கேயே வீடெடுத்துத் தங்கிவிடுகின்றன. மேலே பார்க்கத் தோல் பளிங்கு மாதிரி இருக்கும், உள்ளே பழைய குடித்தனக்காரர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். தங்கிய நினைவு டி செல்கள் என்று இவற்றுக்குப் பெயர். ஒரு சின்னச் சீண்டல் போதும், வெளியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை, அங்கேயே 17-ஐ விட ஆரம்பித்துவிடும். மருந்து வாயை மூடுகிறது, வீட்டைக் காலி செய்வதில்லை. அதனால்தான் மறைந்த மறுநாளே நிறுத்தாதீர்கள் என்று கெஞ்சுகிறோம்.

உங்கள் இடுப்புக்கு வருவோம். பாவாடை நாடா! சந்தேகமே வேண்டாம். தினமும் ஒரே இடத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டு, வியர்வையும் உரசலும் சேர்ந்து தோலில் தடம் விழுகிறது. சொரியாசிஸ்காரர்களுக்குத் தோல் அடிபட்ட இடத்தில், ஒன்றிரண்டு வாரம் கழித்து, படை முளைக்கும். 19-ஆம் நூற்றாண்டில் ஹைன்ரிஷ் கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் கவனித்துச் சொன்னது. அவருடைய நோயாளிக்குக் குதிரை கடித்த இடத்திலும் பச்சை குத்திய இடத்திலும் வந்ததாம். நமக்குக் குதிரை இல்லை, நாடா இருக்கிறது. அகலப் பட்டி வைத்த பாவாடையோ இப்போது கிடைக்கிற இழுவைத் துணி உள்பாவாடையோ வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும்போது தொளதொள நைட்டி போதும், யார் என்ன சொன்னால் என்ன.

“என் ஆறு வயது மகனுக்கு முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு எல்லாம் கரப்பான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சொறிகிறான், தலையணை உறையில் ரத்தம். இதுவும் சொரியாசிஸின் தம்பியா?”
— ஒரு தாய், தாம்பரம்

தம்பி இல்லை அம்மா, எதிர்வீடு. கூப்பாடு உண்டு, ஆனால் பேசுகிற மொழி வேறு. இங்கே 4, 13, 31 என்ற இன்டர்லூக்கின்கள். 31 நேராக அரிப்பு நரம்பிடமே போய்ப் பேசும். 4-உம் 13-உம் தோலின் மேல்சுவரைப் பலவீனமாக்கும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அந்தச் சுவரின் சிமெண்டு குறைவு. ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் குறை என்று 2006-இல் கண்டறிந்தார்கள். சுவர் விரிசல் விட்டால் தூசியும் சோப்பும் உள்ளே போகும், கூப்பாடு எழும், அரிக்கும். சொறிந்தால் கிழிந்த செல்கள் இன்னும் கத்தும். அவனைத் திட்டாதீர்கள். தூக்கத்தில் சொறிபவனுக்கு ‘சொறியாதே’ என்ற சொல் போய்ச் சேராது.

செய்ய வேண்டியது சுவரைப் பூசுவது. ஐந்து நிமிடக் குளியல், வெந்நீர் வேண்டாம். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத மாய்ஸ்சரைசரைத் தாராளமாகப் பூசுங்கள், தினம் இரண்டு வேளை. பயத்தமாவு, கடலை மாவு, நலங்கு மாவு எல்லாம் அவனுக்கு உப்புத்தாள் மாதிரி. பாட்டி கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள். செக்கு தேங்காய் எண்ணெய் பூசலாம், தப்பில்லை. ஸ்டீராய்டு களிம்பு என்றதும் பயந்து கடுகளவு தொட்டுவைக்கும் தாய்மார்தான் அதிகம். டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள் வரை பூசினால்தான் சத்தம் அடங்கும். பெரியவர் விரல் நுனியிலிருந்து முதல் கணு வரை பிதுக்கிய களிம்பு, பெரியவரின் இரண்டு உள்ளங்கை இடத்துக்குக் காணும். வியர்வை இவனுக்கு ஆகாது. விளையாட விடுங்கள், வந்ததும் சட்டையை மாற்றுங்கள். நகத்தை ஞாயிறும் புதனும் வெட்டுங்கள்.

4-ஐயும் 13-ஐயும் சேர்த்துத் தடுக்கும் டுபிலுமாப் ஊசி 2017-இல் வந்தது, இப்போது கைக்குழந்தைகளுக்கே வெளிநாட்டில் அனுமதி இருக்கிறது. உங்கள் மகனுக்கு முதலில் ஒரு மாதம் பூச்சை ஒழுங்காகச் செய்து பார்ப்போம்.

“டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் ஊசி போடலாம் என்கிறார்கள். என் அப்பாவுக்கு டிபி இருந்தது. பயமாக இருக்கிறது. விலையும்தான்.”
— ஒரு வாசகர், ராயபுரம்

உங்கள் பயம் நியாயமானது. நம் ஊரில் பலர் உடம்பில் டிபி கிருமி சத்தமில்லாமல் சிறைப்பட்டுக் கிடக்கிறது. அந்தச் சிறைச் சுவரைக் காப்பது டிஎன்எஃப். அதன் வாயைக் கட்டினால் கைதி தப்பிக்கலாம். 2001-இலேயே இது தெரிந்துவிட்டது. அதனால் நெஞ்சு எக்ஸ்ரேயும், தூங்கும் டிபி கிருமியைக் காட்டிக்கொடுக்கும் மாண்டூ (தோலில் போடும் ஊசி) அல்லது ஐஜிஆர்ஏ (ரத்தத்தில் பார்ப்பது) பரிசோதனையும் இல்லாமல் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். அப்பாவின் விஷயத்தை டாக்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம். கிருமி தூங்குவது தெரிந்தால் தடுப்பு மாத்திரையை முதலில் தொடங்கி, பொதுவாக ஒரு மாதமாவது கழித்து ஊசி போடுவார்கள். 17-ஐ, 23-ஐத் தடுக்கும் ஊசிகளில் டிபி ஆபத்து குறைவு, அதையும் கேளுங்கள். 17-ஐத் தடுத்தால் வாயில் வெள்ளைப் பூஞ்சை வரலாம். குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கு அது கூடாது.

விலை குறைந்துகொண்டு வருகிறது. டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் அடாலிமுமாபின் முதல் ஒத்த மருந்து 2014 டிசம்பரில் உலகிலேயே முதலாக நம் நாட்டில்தான் விற்பனைக்கு வந்தது. உங்கள் டாக்டரிடம் ‘பயோசிமிலர்’ என்று கேளுங்கள்.

“வெட்பாலைத் தைலம் பூசலாமா?”
— ஒரு வாசகர், விருகம்பாக்கம்

பூசுங்கள். இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து, அது கத்திரிப்பூ நிறத்துக்கு மாறுவதைப் பார்ப்பதே அழகு. செதில் இளகும், அரிப்பு குறையும், வெள்ளை வேட்டி மட்டும் போய்விடும். எரிந்தால் நிறுத்துங்கள். என் பயம் பெயரில்லாத பொட்டலங்களைப் பற்றியது. ‘மூணே நாளில் குணம்’ என்று ஒரு பொடியைச் சாப்பிட்டு அதிசயமாகத் தெளிந்த ஒருவர், பொடி தீர்ந்த அடுத்த வாரம் உடம்பெல்லாம் சீழ்க்கொப்புளமும் குளிர்க்காய்ச்சலுமாக ஆட்டோவில் வந்திறங்கினார். உள்ளே ஸ்டீராய்டு இருந்திருக்கும் என்பது என் ஊகம். வாய்வழி ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் சொரியாசிஸ் இப்படித் திரும்பி அடிக்கும். அந்தக் கொப்புளத்தில் பேசுவது இன்டர்லூக்கின் 36, அவர் தனி ரகம். பெயர் ஒட்டாத எதையும் விழுங்காதீர்கள்.

“சலூனில் எனக்கு முடி வெட்ட மாட்டேன் என்கிறார். ‘மத்தவங்களுக்கு ஒட்டிக்கும் சார்’ என்கிறார். மேன்ஷனில் இருக்கிறேன், வேறு வழியில்லை.”
— ஒரு வாசகர், திருவல்லிக்கேணி

ஒட்டாது. துண்டால், சீப்பால், உதிர்ந்த செதிலால், எதனாலும் ஒட்டாது. சண்டை போடாதீர்கள், அவருக்கும் பிழைப்புப் பயம். என் லெட்டர்பேடில் ‘இது சொரியாசிஸ், தொற்று நோய் அல்ல’ என்று தமிழில் எழுதி முத்திரை போட்டுப் பலருக்குக் கொடுத்திருக்கிறேன். உங்களைப் பார்க்கும் டாக்டரிடமும் அப்படி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். காட்டும்போது இதையும் சொல்லுங்கள்: படை இருக்கும் இடத்தில் மெஷினை ஒட்டி ஓட்ட வேண்டாம், பிடரியில் பிளேடு வேண்டாம். கீறல் விழுந்தால் அதன் மேலேயே புதிதாக முளைக்கும். கத்திரி போதும்.